ஊரும் திடலும் – 9
ஹெலிகாப்டர் இறங்கிய மைதானம்

வட அயர்லாந்தின் அர்மா மாவட்டத்தில், தென்கோடியில், அயர்லாந்துக் குடியரசின் எல்லைக்கு மிக அருகே இருக்கிறது கிராஸ்மக்லென். மக்கள்தொகை சுமார் 1,600. நடுவே அகலமான சந்தைச் சதுக்கம், அதைச் சுற்றிக் கடைகள், தாண்டினால் சிறு சிறு வயல்கள். இந்த ஊரின் கேலிக் கால்பந்து கிளப்பான கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ், அகில அயர்லாந்து கிளப் பட்டத்தை ஆறு முறை வென்றிருக்கிறது: 1997, 1999, 2000, 2007, 2011, 2012. பெருநகரக் கிளப்புகள் பலவற்றுக்கு இதில் பாதிகூடக் கைகூடியதில்லை.

தர்லஸ் நகரின் ஹேய்ஸ் ஹோட்டலில் 1884 நவம்பர் 1 அன்று கேலிக் தடகளச் சங்கம் பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1887இல், கிராஸ்மக்லென்னில் கிளப் தொடங்கிவிட்டது. அன்று சங்கம் வகுத்த அடித்தளம் இன்றும் மாறவில்லை. ஒரு தேவாலயப் பங்கின் எல்லைதான் பெரும்பாலும் ஒரு கிளப்பின் எல்லை. பெரும்பாலானோர் பிறந்து வளர்ந்த ஊருக்கே ஆடுகிறார்கள். ஆடுபவருக்குச் சம்பளம் கிடையாது, வீரர்களை விலைக்கு வாங்கும் வழக்கமும் கிடையாது. பகலில் தச்சு வேலையோ ஆசிரியர் வேலையோ பார்ப்பவர், மாலையில் ஊரின் கறுப்பு, மஞ்சள் நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருவார்.

ஆட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், முஷ்டியால் தட்டிக் கொடுக்கலாம். கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர் நான்கு எட்டுக்கு ஒருமுறை தரையில் தட்டவோ பாதத்திலிருந்து கைக்கு உதைத்துக்கொள்ளவோ வேண்டும். வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே இரு தூண்களுக்கு நடுவே போனால், 2024 வரை, எங்கிருந்து அடித்தாலும் ஒரு புள்ளி. புள்ளிப் பட்டியலில் ‘1-12’ என்று இருந்தால் ஒரு கோல், பன்னிரண்டு புள்ளி, ஆக மொத்தம் 15.

கிராஸ்மக்லென் கிளப்பின் மைதானத்துக்கு ஆலிவர் பிளங்கெட் பெயர். அர்மாவின் பேராயராக இருந்து, 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட புனிதர் அவர். இந்த மைதானத்தை ஒட்டியே காவல் நிலையம் இருந்தது. 1970களில் வட அயர்லாந்தில் வன்முறை தொடர்ந்தபோது, பிரிட்டிஷ் ராணுவம் அந்தக் காவல் நிலையத்தைக் கோட்டையாக்கி, கிளப்புக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டது. உயரமான மதில்களும் காவல் கோபுரமும் எழுந்தன.

தென் அர்மாவின் சாலைகளில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. கண்ணிவெடி புதைத்தது. ராணுவ வண்டிகள் தரைவழி வருவது ஆபத்தானதால் ஆட்கள், உணவு, தளவாடம் எல்லாம் ஹெலிகாப்டரில் வந்தன. மைதானத்தின் தலைக்கு மேலேதான் அவற்றின் போக்குவரத்து. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் தாழ இறங்கும், அதன் காற்றும் இரைச்சலும் ஆட்டத்தைக் கலைக்கும். குழந்தைகள் பந்து பழகும்போதும் கோபுரத்திலிருந்து துப்பாக்கி ஏந்திய ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வரலாற்றை ஒரு பக்கமாக மட்டும் சொல்லக்கூடாது. கிராஸ்மக்லென் சதுக்கத்திலும் சுற்றுப்புறத்திலும் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் ராணுவத்தினர் பலர். அவர்களில் இருபது வயதைத் தாண்டாத இளைஞர்களும் இருந்தார்கள். அந்த மரணங்களின் துயரம் குறைவானதல்ல. அதே சமயம், ஊரார் காசு சேர்த்து வாங்கிப் பராமரித்த விளையாட்டு நிலத்தில் ராணுவம் அமர்ந்ததும், பந்து விளையாடப் போகும் சிறுவர்களைச் சாலையில் நிறுத்திப் பையைச் சோதித்ததும் அநியாயம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஊர் அனுபவித்ததன் முழு எடை விளங்கும்.

கிளப் என்ன செய்தது? சங்கத்தின் மேலிடத்துக்கு முறையிட்டது. டப்ளின் அரசும் லண்டனிடம் விவகாரத்தை எழுப்பியது. பல ஆண்டுகள் பலன் இல்லை. வேறு மைதானம் தேடிக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. மிஞ்சிய நிலத்தில் புல் வெட்டினார்கள், கோடு போட்டார்கள், சிறுவர் அணிகளை வயதுவாரியாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த மதிலுக்குப் பக்கத்தில் பந்து உதைத்து வளர்ந்த தலைமுறைதான் 1990களில் களமிறங்கியது.

பயிற்சியாளர் ஜோ கெர்னன் அதே ஊர்க்காரர். 1977 அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் அர்மா மாவட்டத்துக்காக ஆடி, இரண்டு கோல் போட்டும், டப்ளினிடம் தோற்றவர். அவருக்குக் கிடைத்த அணியில் இரட்டையர் ஜான், டோனி மெக்கென்டீ, ஓஷீன் மக்கான்வில், பின்காவலில் அசையாமல் நிற்கும் பிரான்சி பெல்லூ ஆகியோர் இருந்தார்கள். 1996இல் அர்மா மாவட்டப் பட்டத்தை வென்றவர்கள் 2008 வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள். 1997ஆம் ஆண்டு செயின்ட் பேட்ரிக் தினத்தன்று டப்ளினின் குரோக் பார்க்கில் மேயோ மாவட்டத்தின் நாக்மோர் அணியை வென்று முதல் அகில அயர்லாந்துக் கோப்பையை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதும் ராணுவம் மைதானத்தை விட்டுப் போகவில்லை.

கிளப்பின் பலம் மாவட்டத்துக்கும் பாய்ந்தது. கெர்னன் அர்மா மாவட்ட அணிக்குப் பயிற்சியாளரானார். 2002 இறுதிப் போட்டியில் எதிரணி கெர்ரி. முதல் பாதியில் மக்கான்வில்லின் பெனால்டி வீணானது. இடைவேளையில் அர்மா நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. அப்போது கெர்னன், 1977இல் தோற்றவராகத் தனக்குக் கிடைத்த நினைவுப் பரிசை வீரர்களிடம் காட்டி, அதைச் சுவரில் வீசியெறிந்தார். இரண்டாம் பாதியில் அதே மக்கான்வில் கோல் போட்டார். 1-12க்கு 0-14 என்று ஒரே புள்ளியில் அர்மா வென்றது. அந்த மாவட்டத்தின் முதல் அகில அயர்லாந்துப் பட்டம் அது. சூதாட்டப் பழக்கம் தன்னை ஆட்டிப்படைத்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்ன மக்கான்வில், அதிலிருந்து மீண்டு, அந்தப் பிடியில் சிக்கியவர்களுக்கு ஆலோசகராகவும் ஆனார். களத்தில் அவர் போட்ட எந்தக் கோலையும்விட இதைப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

கேலிக் சங்கத்தில் 21ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தினரும் வட அயர்லாந்துக் காவல்துறையினரும் உறுப்பினராக முடியாது என்பது அது. 1998இன் பெல்ஃபாஸ்ட் அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு அதை நீக்கலாமா என்ற விவாதம் சூடுபிடித்தது. ‘முதலில் ராணுவம் கிராஸ்மக்லென் மைதானத்தை விட்டுப் போகட்டும்’ என்பது எதிர்த்தவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. 2001 நவம்பரில் விதி நீக்கப்பட்டபோது, வடக்கின் ஆறு மாவட்டங்களில் டவுன் மட்டுமே ஆதரவாக நின்றது. நீக்கியது சரிதான் என்பது என் கருத்து. காக்கிச் சட்டை போட்டதற்காக ஒருவரை ஆட்டத்திலிருந்து விலக்கினால் அடுத்த தலைமுறைக்கும் பகையே மிஞ்சும். ஆனால் தயங்கிய ஊரின் மனதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

காலப்போக்கில், ராணுவம் எடுத்த நிலம் கிளப்பின் கைக்குத் திரும்பியது. 2007 ஜூலை 31 அன்று வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவ நடவடிக்கை அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் கிராஸ்மக்லென் தன் நான்காவது அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றிருந்தது. பின்னர் 2011, 2012 பட்டங்களின்போது, முன்பு களத்தில் ஆடிய டோனி மெக்கென்டீ பயிற்சியாளர்களில் ஒருவராக நின்றார். கெர்னனின் மகன்கள் அணியில் ஆடினார்கள்.

ராணுவம் இருந்ததால் வந்த வைராக்கியமே இத்தனை வெற்றிக்கும் காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோபத்தால் ஓர் ஆட்டத்தை வெல்லலாம், பதின்மூன்று ஆண்டுகள் வெல்ல முடியாது. வாரம் தவறாமல் சிறுவர்களுக்குப் பந்து பழக்கிய பெரியவர்கள், ஆடி ஓய்ந்ததும் பயிற்றுவிக்க வந்த வீரர்கள், திடல் தங்களுடையது என்பதில் ஊரார் காட்டிய உறுதி, இவைதான் காரணம். எங்கேனும் ஒரு விளையாட்டுத் திடல் கைநழுவிப்போகிறது என்ற செய்தியைப் படித்தால் கிராஸ்மக்லென்னை நினைத்துக்கொள்ளுங்கள். முறையீடு ஒருபக்கம் நடக்கட்டும். மாலையில் பிள்ளைகள் அங்கே ஆடிக்கொண்டே இருக்கவேண்டும்.

அடுத்த வாரம்: 1972இல் தொடங்கி ஹர்லிங்கில் தீவையே வென்ற கில்கென்னி மாவட்டக் கிளப், பாலிஹேல் ஷாம்ராக்ஸ்.

(தொடரும்)