பட்டினி கிடந்து வெயிட் போட்ட அப்பா!

பெருங்குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். அப்பா வயிற்றுக்குள் ஒரு பருக்கை சோறு போகவில்லை. வெயிட் பார்த்தால் 2 கிலோ கூட!

"மெஷின் ரிப்பேரா சிஸ்டர்?"

சிஸ்டர் சிரிக்கவில்லை. கட்டிலில் தொங்கிய சார்ட்டைக் காட்டினார். ஒரு பக்கம் உள்ளே போனது: ட்ரிப்ஸ், குடித்த தண்ணீர். மறுபக்கம் வெளியே வந்தது: யூரின், மூக்குக் குழாய், வயிற்று ட்யூப். அட, நம்ம பி.காம். பற்று வரவு! வியர்வையும் மூச்சில் போவதும் இதில் ஏறாது; அதற்குத்தான் தினசரி வெயிட்.

இந்தக் கணக்கில் முதல் நாளே ஓட்டை போட்டவன் அடியேன்தான். சிஸ்டருக்கு ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று யூரின் பையை நானே பாத்ரூமில் கொட்டிவிட்டேன். "எவ்வளவு இருந்துச்சு சார்?" "ஒரு... சொம்பு இருக்கும்." அன்றைக்கு விழுந்த டோஸ் இருக்கிறதே! 60 கிலோ ஆளுக்கு மணிக்கு சுமார் 30 மில்லியாவது போகவேண்டுமாம். குறைந்தால் உடம்பு வறண்டிருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று தேடுவார்கள். தேடுவதற்கு இருந்த ஒரே துப்பை நான் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இதற்கிடையே பார்க்க வந்த அத்தை, "முகமே வாடிப்போச்சுடா. இன்னும் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லு, தெம்பு வரும்" என்றாள். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். தலையிலடித்துக் கொள்ளாத குறை!

ஏறிய 2 கிலோவும் தண்ணீராம். ஆபரேஷன் ஆன உடம்பு உப்பையும் தண்ணீரையும் கஞ்சன் மாதிரி இறுக்கிப் பிடித்துக் கொள்ளுமாம். ஒரு லிட்டர் சலைனில் 9 கிராம் உப்பு. கால் வீங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. குடலும் அதே மாதிரி வீங்கி, நகராமல் படுத்துவிடும். 2002-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 20 பேரிடம் சோதித்தார்கள். தினம் 3 லிட்டரும் அதற்கு மேலும் ஏற்றியவர்களைவிட, 2 லிட்டருக்குள் உப்பைக் குறைத்து ஏற்றியவர்களுக்குக் குடல் சீக்கிரம் வேலை செய்தது. அதற்காகக் காயப்போடவும் முடியாது. 2018-ல் வெளியான, சுமார் 3,000 பேரைப் பார்த்த ஆய்வில், ரொம்பக் குறைத்தவர்களுக்குக் கிட்னிக் கோளாறு அதிகம்.

அப்பாவுக்கு ட்ரிப்ஸைக் குறைத்தார்கள். இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில், வார்டே எதிர்பார்த்த அந்தச் சத்தம் கேட்டது. 'காஸ்' பிரிந்துவிட்டது! வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காக அப்பாவுக்குக் கை கொடுத்தேன்.

"காபி கிடைக்குமாடா?" என்றார். சிஸ்டரைக் கேட்டு, அளந்து, 50 மில்லி என்று சார்ட்டில் எழுதச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.