சிரித்தவர்கள் எழுந்து நின்றபோது

2009ம் ஆண்டு சனவரியில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பிரிட்டன்ஸ் காட் டேலண்ட் என்ற தொலைக்காட்சிப் போட்டியின் மேடைக்கு 47 வயதுப் பெண் ஒருவர் வந்தார். கலைந்த முடி, எளிய உடை. புகழ்பெற்ற மேடைப் பாடகி எலைன் பெய்ஜ் போல வரவேண்டும் என்பது தன் ஆசை என்று அவர் சொன்னதும் அரங்கத்தில் சிரிப்பு. பின்னர் பாடத் தொடங்கினார். சில நொடிகளிலேயே சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர். எல்லாருமே அவருக்கு எதிராகத்தான் இருந்தோம் என்று நடுவர் அமேண்டா ஹோல்டன் அந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

அவர்தான் சூசன் பாயல். அவர் பாடியது, விக்டர் ஹியூகோவின் நாவலை ஒட்டிய 'லே மிசராப்ளே' இசைநாடகப் பாடல். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தாரே, அதே நாவல்தான். நிகழ்ச்சி ஒளிபரப்பான ஏப்ரல் 11, அவ்வாண்டின் புனித சனி. அடுத்த சில வாரங்களுக்குள் இணையத்தில் அந்தக் காட்சி பத்துக் கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்டது. நவம்பரில் வெளிவந்த அவரது முதல் இசைத்தொகுப்பு, அமெரிக்காவில் மட்டும் முதல் வாரத்தில் ஏறக்குறைய 7 இலட்சம் பிரதிகள் விற்றது.

உலகம் அவரைத் 'திடீரெனக்' கண்டுபிடித்தது என்கிறோம். ஆனால், அந்தக் குரல் திடீரென வந்ததல்ல. பிளாக்பர்ன் என்ற சிற்றூரில், தன் பங்குக் கோவிலில் அவர் பல ஆண்டுகளாகப் பாடிவந்தார். 1999ல் ஒரு நற்பணிக்காக வெளியான குறுந்தகட்டிலும் பாடியிருந்தார். மொத்தம் ஆயிரம் பிரதிகள்தான் வெளியாயின. முதிர்ந்த தாயைப் பேணுவதிலேயே அவரது காலம் கழிந்தது. 2007ல் அத்தாய் 91 வயதில் இறந்தபோது, பாடுவதையே நிறுத்தியிருந்தார். தாயின் நினைவாகவே மேடை ஏறினார்.

நம்மை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. அன்று அவர் குரல் சுமாராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரங்கத்தில் எழுந்த சிரிப்பை யாரும் தவறு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தப் பெண்மணிக்கு உரிய மரியாதையை, பாட்டு நன்றாக இருந்ததால் கொடுத்தோம். நம் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நிற்பவரையும் இப்படித்தானே அளக்கிறோம்?

கைதட்டலும் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. மே 30 இறுதிப் போட்டியில் ஒரு நடனக் குழு வென்றது. அவருக்கு இரண்டாம் இடம். ஊடக நெருக்கடியால் உடலும் உள்ளமும் களைத்துப்போன அவர், மறுநாள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குழந்தைப்பருவத்தில் அவருக்கு மூளைப் பாதிப்பு என்று சொல்லப்பட்டிருந்தது. பள்ளியில் கேலிக்கும் ஆளானார். உண்மையில் அது ஆஸ்பெர்கர் குறைபாடு எனத் தெரியவந்ததை 2013ல்தான் அவர் வெளியிட்டார். தன்னைப் பற்றிய தெளிவு கிடைத்தது தனக்கு ஆறுதல் என்றும் கூறினார்.

2010ம் ஆண்டு செப்டம்பர் 16ம் தேதி, திருத்தந்தை 16ம் பெனடிக்ட் கிளாஸ்கோவின் பெல்லஹூஸ்டன் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது, சூசனும் அங்கே பாடினார். புகழ் வந்தபின்னும் பிளாக்பர்னில் குடும்பம் வாழ்ந்த அந்தச் சிறிய வீட்டை அவர் விட்டுவிடவில்லை, விலைக்கு வாங்கிக்கொண்டார். 2022 ஏப்ரலில் பக்கவாதம் தாக்கியது. பேச்சையும் பாட்டையும் மீட்க ஓராண்டுக்கும் மேல் போராடி, 2023 சூனில் அதே போட்டியின் மேடைக்குத் திரும்பினார். பாடியதும் அதே பாடல். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.