மாதிரிகள் மாறுபடலாம், எச்சரிக்கை ஒன்றே!

மனித குலம் ஆண்டுதோறும் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதி மட்டுமே காற்றில் தங்குகிறது. மீதியைக் காடுகளும் மண்ணும் கடலும் உள்வாங்கிக்கொள்கின்றன. இந்த உதவி இல்லாதிருந்தால் புவி இன்னும் வெகுவாகச் சூடேறியிருக்கும். சூடேறும் உலகில் இயற்கையின் இந்தத் தயவு இதே அளவில் நீடிக்குமா என்பதே இன்றைய கேள்வி.

கரியமில வாயு மிகும்போது தாவரங்களின் ஒளிச்சேர்க்கை கூடுகிறது. கடல்நீரிலும் அது அதிகம் கரைகிறது. இது வெப்பமாதலைத் தணிக்கும் விளைவு. ஆனால் வெப்பம் உயர்ந்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் மக்கிய பொருள்களை விரைந்து சிதைத்துக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. வறட்சியால் காடுகள் நலிகின்றன. சூடான கடல்நீரில் வாயு கரைவதும் குறைகிறது. வெப்பம் வாயுவைப் பெருக்க, வாயு மீண்டும் வெப்பத்தைப் பெருக்கும் இச்சுழலையே அறிவியலாளர்கள் 'பின்னூட்டம்' என்கின்றனர்.

2000-ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஹேட்லி மைய ஆய்வாளர்கள் உருவாக்கிய கணினி மாதிரி, இந்நூற்றாண்டின் நடுப்பகுதிவாக்கில் நிலப்பரப்பு கரியமில வாயுவை உள்வாங்குவதற்கு மாறாக வெளியிடத் தொடங்கும் எனக் காட்டியது. பிரெஞ்சு ஆய்வாளர்களின் மாதிரியோ மிகச் சிறிய பின்னூட்டத்தையே காட்டியது. எதை நம்புவது?

விடை தேட 11 மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. அனைத்துக்கும் எதிர்கால உமிழ்வுக் கணக்கு ஒன்றே. ஒவ்வொரு மாதிரியும் இருமுறை இயக்கப்பட்டது: வெப்ப உயர்வு நிலத்தையும் கடலையும் பாதிப்பதாக ஒருமுறை, பாதிக்காததாக மறுமுறை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே பின்னூட்டத்தின் அளவு. 2006-இல் வெளியான முடிவின்படி, 2100-இல் காற்றில் கூடுதலாகச் சேரும் கரியமில வாயு, பத்து லட்சத்தில் 20 பங்கு முதல் 200 பங்கு வரை இருக்கும். அதனால் கூடும் வெப்பம் 0.1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை.

பத்து மடங்கு வேறுபாடு எனில், இக்கணக்குகளால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். பயன் உண்டு. அறியாமை எங்கே இருக்கிறது என்பதை ஒப்பீடே காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் மாற்றத்தின் பெரும்பகுதி நிலத்திலேயே நிகழ்ந்தது. ஆகவே ஆய்வாளர்களின் கவனம் மண்ணின் மீது கூடியது. செடி வளரக் கரி மட்டும் போதாது. தழைச்சத்தான நைட்ரஜனும் வேண்டும். 2020-இல் ஒப்பிடப்பட்ட 11 புதிய மாதிரிகளில் ஆறு, நிலத்தின் நைட்ரஜன் சுழற்சியையும் கணக்கில் கொண்டன. அவற்றில் நிலத்தின் பின்னூட்டங்கள், தணிப்பதும் பெருக்குவதுமாகிய இரண்டுமே, சற்று மட்டுப்பட்டே காணப்பட்டன. துருவப் பகுதி உறைநிலங்களில் புதைந்துள்ள கரி உருகி வெளிவருவதோ இன்னும் பல மாதிரிகளில் முழுமையாக இடம்பெறவில்லை.

அளவில் முரண்பட்ட அந்த 11 மாதிரிகளும் திசையில் முரண்படவில்லை. வெப்பம் கூடினால் நிலமும் கடலும் உள்வாங்கும் பங்கு குறையும் என்பதில் அவை ஒருமித்தே நின்றன. இன்னும் எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்று உலக நாடுகள் போடும் கணக்கு, இயற்கையின் உள்வாங்கும் திறனை நம்பியே நிற்கிறது. அத்திறன் சுருங்கினால் நமக்கு எஞ்சியுள்ள வரம்பும் சுருங்கும். மாதிரிகளிடையே உள்ள வேறுபாட்டைக் காலதாமதத்துக்குச் சாக்காக்குவது விவேகமன்று. ஆபத்தின் அளவு உறுதியாகத் தெரியாதபோதுதான் முன்னெச்சரிக்கை மிகுதியாக வேண்டும்.