ராத்திரியைப் படம் பிடித்த தயானிதா

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் எங்கள் வீட்டு அடுப்புக்கு ஓய்வு கிடையாது. போன ஆடியிலும் அப்படித்தான். மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம், சென்னையிலிருந்து மகன், மருமகள், பேரன். எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது ராத்திரி மணி பத்து. "வாங்க, மெயின் அருவிக்குப் போவோம்" என்று கிளம்பிவிட்டோம். ஐந்து கிலோ மீட்டர்தானே!

வெளியூர்ச் சகோதரிகளுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். சீசனில், வெள்ளம் என்று தடை போடாத நாட்களில், பேரருவியில் ராத்திரியும் குளிக்கலாம். பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. பளீரென்று விளக்கும் உண்டு. அகால நேரத்தில் ஈரத் தலையோடு, கையில் சுக்குக் காப்பியோடு பெண்கள் பயமில்லாமல் தெருவில் நடப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குளித்துவிட்டு வந்தால், மருமகள் கடைத் தெருவில் போனும் கையுமாக நிற்கிறாள். நனைந்த ரோட்டில் பழக்கடை விளக்குகள் நீளநீளமாக விழுந்து கிடந்தன. எடுத்த படத்தைக் காட்டினாள். முக்கால்வாசி கறுப்பு!

"ஏம்மா, பிளாஷைப் போட்டு எடுக்கக் கூடாதா? ஒண்ணுமே தெரியலையே!"

"பிளாஷ் போட்டா இந்த வெளிச்சம் எல்லாம் செத்துரும் அத்தை" என்றாள். வீட்டுக்கு வந்ததும் தயானிதா சிங் என்பவர் எடுத்த படங்களைக் காட்டினாள். தூக்கமே போய்விட்டது எனக்கு.

தயானிதா 1961-ல் டில்லியில் பிறந்தவர். அம்மா நோனி சிங்குக்குச் சொந்த ஊர் லாகூர். அவரும் காமிராப் பிரியர்தான். நான்கு பெண்களையும் உற்றார் உறவினரையும் வீட்டிலேயே படம் எடுத்துச் சேர்த்து வைத்தார். அந்தப் படங்கள் 2013-ல் தனிப் புத்தகமாகவே வந்தன. நாமும்தான் குழந்தை தவழ்ந்தது, காது குத்தினது எல்லாம் எடுக்கிறோம். அதைக் கலை என்று யார் சொன்னார்கள்?

மகள் வெகு காலம் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். பிறகு ஒரு சமயம், பகல் வெளிச்சத்துக்கென்று உள்ள கலர் பிலிமைப் பொழுது சாய்ந்தபின் உபயோகித்தபோது, படமெல்லாம் ஒரே நீலம்! வேறு யாராவது என்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். அவர் அந்த நீலத்தையே வைத்துக்கொண்டு 2009-ல் 'புளூ புக்' வெளியிட்டார். மறு வருஷம் 'டிரீம் வில்லா'. முழுக்க முழுக்க ராத்திரிப் படங்கள். குண்டு பல்பு இருந்த இடம் செம்மஞ்சள், டியூப்லைட் இருந்த இடம் பச்சை, மீதியெல்லாம் இருட்டு. எந்த ஊர் என்று எழுதுவதில்லை. பேய்ப் படம் பார்க்கிற மாதிரி வயிற்றில் என்னவோ செய்கிறது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. 2022-ல் ஸ்வீடன் நாட்டின் ஹாசல்பிளாட் விருது இவரைத் தேடி வந்தது.

இந்த மாதிரிப் படங்களுக்கு முன்னோடி பிரசாய் என்பவர். பாரிஸ் நகரத்து ராத்திரியை எடுத்து 1930-களின் தொடக்கத்திலேயே புத்தகம் போட்டார். ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு காமிராவைத் திறந்து வைத்திருப்பாராம். ஆண்பிள்ளை, தெருமுனையில் சிகரெட்டோடு நின்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ராத்திரியில் ஒரு பெண் காமிராவோடு நிற்பது வேறு சமாசாரம்.

மறுநாளே அதைக் கண்ணால் பார்த்தேன். ராத்திரி கோயில் ரத வீதியைப் படம் எடுக்க வேண்டும் என்றாள் மருமகள். "மழையில, இந்நேரத்துல, அங்க என்ன இருக்கு?" என்றான் என் மகன். அவள் ஒன்றும் பேசாமல் போனைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் காமிரா வாங்கக் காசு சேர்த்தவள் என்று சம்பந்தியம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. "குடையை எடும்மா, நான் வாரேன்" என்றேன். பேரனை அவன் அப்பாவே தூங்க வைத்தான்!

அங்கே அவளிடம் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். சாரலில் பிளாஷ் கூடவே கூடாது; பக்கத்துத் துளிகளெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழும், தூரத்துத் தெருவுக்கு அந்த வெளிச்சம் எட்டவும் எட்டாது. முழங்கையைச் சுவரில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். திரையில் விளக்கு தெரிகிற இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் இருட்டு இருட்டாகவே விழும். பொழுது அடைந்த அரை மணிக்குள் எடுத்தால் வானம் நீலமாகக் கிடைக்கும். அருவிக்கரையில் மட்டும், பெண்கள் குளிக்கிற பக்கம் போனை வெளியே எடுக்கவே கூடாது.

அன்று எடுத்ததில் ஒன்றைப் பெரிதாக்கிக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். பாதி இறக்கின கடை ஷட்டர், கீழே ஒரு கீற்று மஞ்சள் வெளிச்சம், மேலே மழையில் கரைந்துபோன கோபுரம். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு மதினி வெகு நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த ஊரு?"