ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு?

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை நமுனுகுலை மலையின்மேல் இறங்கிவிட்டால், இலங்கையின் பதுளையிலிருந்து பசறைப் பக்கம் ஏறிச் செல்லும் பாதையோரத் தேயிலைத் தோட்டங்களில், தை மாதம் வரையில் லயத்து இருமலொலி ஓய்வதில்லை. இடுப்பிற் கட்டிய படங்கும் தலையிற் போட்ட கம்பளியும் நனைந்து மாலையில் வீடு திரும்பும் பெண், ஈரவிறகின் புகை சூழ்ந்த காம்பராவில் குழந்தையை மடியில் கிடத்தும்போது, அதன் மார்பு வழக்கத்துக்கு மாறாக விரைந்து ஏறி இறங்குவதைக் காணாமலிருப்பதில்லை. கண்டும், "வெறும் சளிதான் புள்ள, விடிஞ்சா சரியாப் போயிரும்" என்று மாமியார் சொல்லும் வார்த்தையில் ஆறுதல் கொள்கிறாள். விடிந்ததும் பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடுமே என்ற கணக்கு அந்த ஆறுதலுக்குப் பின்னால் நிற்கிறது. (பேர் என்பது இங்கே ஒரு நாட்கூலி, பெரட்டு என்பது காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் கூட்டம், லயம் என்பது தொழிலாளரின் வரிசை வீடு, வெளியூர் வாசகர்களுக்காக இவற்றைச் சொல்லிவைக்கிறேன்.) பட்டணத்து மனிதர் அலட்சியம் என்று சுலபமாகப் பெயரிட்டுவிடும் காரியத்தில், பாதிக்கு மேல் இந்தக் கணக்கே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதிக்கு 'சளி' என்னும் சொல்லே பொறுப்பு. மூக்கொழுகுவதும் சளி, தொண்டை கட்டுவதும் சளி, நுரையீரலின் சிற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்து பிராணவாயு இரத்தத்திற் கலக்க வழியற்றுப் போவதும் சளி என்றால், மூன்றாவதான நிமோனியாவுக்கு உரிய அச்சம் எங்கிருந்து பிறக்கும்? ஒவ்வொரு மூச்சிலும் குறைந்துபோன பிராணவாயுவை, மூச்சுகளின் தொகையைப் பெருக்கி ஈடுசெய்யப் பார்க்கிறது நிமோனியா கண்ட சரீரம். ஆதலால் இது எண்ணி அறியக்கூடிய வியாதி. பாப்புவா நியூ கினியின் கொரோக்காவில் பணிபுரிந்த பிராங்க் ஷான் என்னும் குழந்தை வைத்தியர், எக்ஸ்ரேக்கு வழியில்லாத இடத்திலும் மூச்சின் வேகத்தையும் மார்பு உள்வாங்குவதையும் கொண்டே யாருக்கு மருந்து, யாருக்கு ஆஸ்பத்திரி என்று தீர்மானிக்கலாம் என்பதை 1984இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது: இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிஷத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றை எட்டினால் அது வேகமான மூச்சு. பெரியவர்களுக்கு 30 என்பது அபாயக் குறி.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. மருந்தற்ற காலத்தில், ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் காய்ச்சல் திடீரென வியர்த்து இறங்கினால் நோயாளி பிழைத்தான், இறங்காவிட்டால் போனான். காத்திருப்பதைத் தவிர வைத்தியருக்கே வேறு வேலையில்லை. 1918 ஐப்பசி, கார்த்திகையில், பதுளைக்கு ரயில் வருவதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்னரே, கொழும்பிலிருந்து உள்நாடு நோக்கி நகர்ந்த இன்புளுவென்சா, மறு பங்குனியில் மீண்டும் ஒருமுறை எழுந்து, இலங்கையில் சுமார் 3 லட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். அக்கொள்ளைநோயில் உலகெங்கும் மடிந்தோரில் பெரும்பாலோரைக் கொன்றது, அதைத் தொடர்ந்து வந்த நிமோனியாவே. 1938இல் எம் அண்ட் பி 693 என்ற மாத்திரையும், பின்னர் பெனிசிலினும் வந்தபின் காத்திருப்பதற்கு நியாயமில்லாமற் போயிற்று. மருந்து மாறிவிட்டது, காத்திருக்கும் வழக்கம் மட்டும் பாட்டிமார் வழியே லயத்தில் தங்கிவிட்டது.

காத்திருப்போரை ஏமாற்றும் தோற்றங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இரவெல்லாம் முனகிய குழந்தை விடியற்காலையில் ஓசையின்றிக் கிடந்தால், தூங்குகிறது, பாவம் என்று போர்த்திவிடுகிறோம். மூச்சுத் தசைகள் களைத்து ஓய்ந்துபோகும்போதும் முனகல் நிற்கும், மூச்சின் எண்ணிக்கையும் குறையும். எழுப்பினால் எழாத குழந்தை, பால் குடிக்க மாட்டாத குழந்தை, குடித்ததையெல்லாம் கக்கும் குழந்தை, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கும் குழந்தை, நாக்கும் உதட்டின் உட்புறமும் நீலம் பாரித்த குழந்தை ஆகியோருக்கு வீட்டு வைத்தியம் ஒருபோதும் உதவாது. பனடோல் கொடுத்தால் காய்ச்சல் தணியும். நுரையீரலிலுள்ள கிருமியை அது தொடாது. கிழவர்களின் கதை இன்னும் விபரீதமானது: காய்ச்சலே இல்லாமல், சில வேளை உடம்பு சில்லிட்டும்கூட நிமோனியா முற்றும். இருமலும் இலேசாகவே இருக்க, திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கினால், வயசுக் கோளாறு என்று சிரித்துவிட்டுப் போகிறோம். கொழுந்து மலையில் கூடையோடு ஏறும் நடுவயதுப் பெண்ணுக்கோ, மூச்சிழுக்கும்போது குத்தும் விலாவலி, சுமையால் வந்த வலியாகத் தோன்றிவிடுகிறது.

வீட்டார் காணத் தவறுவதைத் தோட்டமாவது காணுமா? தோட்டத்தில் யார் யாருக்கு நோய் என்பதைத் தோட்டத் துரை அறிந்திருக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் விதித்தது. சட்டம் எழுதியவர்களின் நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயினும் பெரட்டுக் களத்தில் வராதவர்களைக் கணக்கெடுக்கும் கண்ணுக்கு, நோயோடு வந்து நிற்பவர் புலப்படுவதெப்படி? அவர் வேலைக்கு வந்தவராகத்தான் ஏட்டில் பதிவாகிறார்.

ஆகவே வீட்டிலுள்ளவர்களே எண்ண வேண்டும். மூச்சை எண்ணுவதற்கு ஒரு கைபேசியின் கடிகாரம் போதும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும் வேளையில், சட்டையை விலக்கி, வயிறும் மார்பும் எழும்புவதை முழுதாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குவது சரிவராது, குழந்தைகளின் மூச்சு சீராக ஓடுவதில்லை. எண்ணிக்கை அளவைத் தொட்டால் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மேற்சொன்ன குறிகளுள் ஒன்று தென்பட்டாலோ, பிராணவாயுவும் ஊசிமருந்தும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த இரவிலேயே போயாக வேண்டும். 2016இல் தொடங்கிய, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் மேற்கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) லயம் வரையில் அது ஏறாத தோட்டங்கள் உண்டு. அங்கே இரண்டு பேர் கம்பளியில் தூக்கிக்கொண்டு, ஒருவர் டோர்ச் பிடித்து முன்னே நடக்க, தார் ரோட்டுக்கு இறங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, மழை விடட்டும் என்று பார்த்திராமல் முதலிலேயே தொலைபேசியை எடுத்துவிட வேண்டும்.