ஒப்படைப் புள்ளி யாருக்கு?

தவணை முடிவு நெருங்கினால் திருகோணமலை லிங்கநகரில் ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் நடுச்சாமம் வரை லைட் எரிகிறது. அம்மா பிரிஸ்டல் மட்டை வெட்டுவார், அக்கா தலைப்பு எழுதுவார், படம் பிரின்ட் எடுக்க அண்ணன் ரவுனுக்கு ஓடுவான். ஒப்படைக்குரிய பிள்ளை நித்திரை. மறுநாள் அந்த மட்டைக்குப் பிள்ளையின் பெயரில் புள்ளி விழும்.

இந்தப் புள்ளி போகும் பாடசாலை மட்டக் கணிப்பீடு நல்ல நோக்கத்தோடு வந்தது. 1980களின் பிற்பகுதியில் தொடர் கணிப்பீடாகத் தொடங்கி, எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1997 கல்விச் சீர்திருத்தத்தோடு திரும்பியது. செயற்றிட்டம், வெளிக்களம், வாய்மொழி, குழுவேலை என்று ஆசிரியர் வழிகாட்டிகள் பல வழி சொல்கின்றன. எதை எடுப்பது, எதற்கு எவ்வளவு போடுவது என்பது பாட ஆசிரியரின் கையில். தவணை வினாத்தாள் பல இடங்களில் வலயத்திலிருந்தோ மாகாணத்திலிருந்தோ வந்துவிடுவதால், ஆசிரியரின் சொந்தத் தீர்ப்பு இங்கேதான் இருக்கிறது.

ஐந்து வகுப்புக்குப் பாடம் எடுப்பவருக்கு நூற்றைம்பது, இருநூறு பிள்ளைகள். நேரம் போதாதபோது கண்ணில் படுவதற்கே புள்ளி போகிறது: கொப்பிக்கு உறை, நேரான ஓரக்கோடு, வரவு, அடக்கம், மினுங்கும் ஒப்படை. பாடம் விளங்கியதா என்பது இதில் எங்கே? மூன்றாம் தவணை வழமையாக முடிவது மாரியில். கடல் கொந்தளிக்கும், தோணி கரையில் கிடக்கும். அந்த மாதத்தில் கலர் பிரின்ட் கேட்கும் பிள்ளைக்கு மீன்பிடிக்கும் தகப்பன் என்ன சொல்வார்? அங்கே அளக்கப்படுவது வீட்டு வருமானம்.

ஒப்படை பெற்றோரையும் படிப்புக்குள் இழுக்கும் என்பாரும் உண்டு. இழுக்கட்டும், அதற்குப் புள்ளி எதற்கு?

திருகோணமலைத் துறைமுகம் பற்றி ஒப்படை கேட்பதற்குப் பதிலாக, ஒரு பாடவேளையில் வெறுந்தாளில் அதன் வரைபடத்தைக் கீறச் சொல்லலாம். பெரிய கப்பல்கள் உள்ளே வர ஆழம் எப்படி உதவுகிறது என்று இரண்டு நிமிடம் பேசச் சொல்லலாம். துறைமுகத்தைத் தினம் பார்க்கும் பிள்ளை அதில் முன்னுக்கு வரும்.

சாதாரண தரப் பெறுபேற்றில் இந்தப் புள்ளி சேர்வதில்லை. ஆனால் 2025இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் வகுப்பறைக் கணிப்பீட்டின் எடையைக் கூட்டப் பார்க்கிறது. அப்படியானால் இந்த அநீதியின் எடையும் கூடும்.

ஆசிரியர்களே, தவணையின் முதல் வாரமே எதற்கு எத்தனை புள்ளி என்று கரும்பலகையில் எழுதிவிடுங்கள். வீட்டில் செய்ததைத் திருத்திக் கொடுங்கள். புள்ளியை வகுப்பில் உங்கள் கண்முன் செய்ததற்கு மட்டும் போடுங்கள்.