வினா மாறினால் விடையும் மாறும்

சிக்கல் ஒன்று எதிர்ப்பட்டவுடன் தீர்வைத் தேடுவது நம் இயல்பு. ‘வடிவமைப்புச் சிந்தனை’ என்னும் முறை, அச்சிக்கலால் அல்லற்படுபவரை முதலில் தேடிச் செல்லுமாறு கூறுகிறது.

2007-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று, குறைந்த விலையில் இன்குபேட்டர் வடிவமைக்கும் பணியை ஏற்றது. குழுவில் ஒருவர் நேபாளத்துக்குச் சென்றார். அங்குள்ள மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் இருந்தன. ஆயினும் அவற்றுட் பல வெறுமையாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பலர் தொலைவிலுள்ள கிராமங்களில் பிறந்து, மருத்துவமனையை எட்டும் முன்பே உடல் குளிர்ந்து இறந்துகொண்டிருந்தனர்.

வினா மாறியது: மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு தாய் தன் குழந்தையை எவ்வாறு கதகதப்பாக வைத்திருப்பாள்? அதற்கு விடையாகப் பிறந்ததே ‘எம்பிரேஸ்’. சிறு உறக்கப்பை போன்ற இதனுள், மெழுகு போன்ற பொருள் நிறைந்த உறை ஒன்று உண்டு. அதைச் சூடாக்கி வைத்தால் சில மணி நேரம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் நிலைத்திருக்கும்.

பின்னர் அக்குழு இந்தியாவுக்கு வந்து, கிராமத்துத் தாய்மாரிடம் மாதிரியைக் காட்டியது. மேலைநாட்டு மருந்து வீரியமானது என்பதால், சொன்ன அளவில் பாதியே கொடுப்பதாகக் கூறினார் ஒரு தாய். 37 டிகிரி என்று சொன்னால், 30 டிகிரியிலேயே நிறுத்திவிடுவாராம்! அவரது அக்கறையே குழந்தைக்கு ஆபத்தாகியிருக்கும். எனவே எண்கள் நீக்கப்பட்டு, ‘சரி’, ‘சரியில்லை’ என்று மட்டும் உணர்த்தும் குறிகள் இடம்பெற்றன. 2011-இல் எம்பிரேஸ் இந்தியாவில் அறிமுகமாயிற்று.

பயனாளரை அறிதல், சிக்கலை வரையறுத்தல், கருத்துகளைத் திரட்டுதல், மாதிரி செய்தல், சோதித்தல் ஆகிய ஐந்தும் இம்முறையின் படிகள். நேபாளப் பயணம் முதலிரண்டு படிகளையும், அத்தாயின் சொல் இறுதிப் படியையும் விளக்குகின்றன.

தொழிற்கடன் நாடி எங்களிடம் வருவோர் பலர், வாங்கவிருக்கும் இயந்திரத்தின் விலையைத் துல்லியமாகக் கூறுவர். அதில் உருவாகும் பொருளை யார், எதற்காக வாங்குவார் என்று வினவினால் சற்றே தயங்குவர். இயந்திரம் வாங்கும் முன், கையால் செய்த மாதிரியைப் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் அதை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்று அருகிருந்து கவனியுங்கள். அவர்கள் கூறும் குறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதிரியில் தெரியவரும் பிழையைச் சில நூறு ரூபாயில் திருத்திவிடலாம். கடன் பெற்று இயந்திரத்தை நிறுவிய பின் அதே பிழை தெரியவந்தால், அதற்கும் சேர்த்து மாதந்தோறும் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்த முறை திட்ட அறிக்கையோடு எங்கள் கிளைக்கு வரும்போது, அந்தப் பத்துப் பேர் கூறியவற்றையும் எழுதிக் கொண்டுவாருங்கள். நாம் சேர்ந்து அமர்ந்து படிக்கலாம்.